கல் தோரணமும் மின்மினியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் தமிழ்ப் புலவர் ஒருவர் வந்து இலக்கியம் பேசுவார். நாம் கேட்டு மகிழ்வோம். இவ்வாண்டு வரவிருந்த புலவர் உடல்நலங் குன்றியமையால் வர இயலவில்லை. அவருடைய இடத்தை நிரப்புமாறு செயலாளர் என்னைப் பணித்தார். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். இருபது ஆண்டுகளாக இருப்புப்பாதை அலுவலகத்தில் சரக்குக் கட்டணக் கணக்கு எழுதி வருபவன். கம்பனையும் இளங்கோவையும் பற்றி நான் பேசத் தொடங்கினால் நீங்கள் பொறுத்துக்கொண்டாலும் அவர்கள் பொறுக்கமாட்டார்கள். ஆதலால், நம் குடியிருப்புச் சிறுவர் என்னிடம் கேட்ட ஒரு கேள்வியையே பொருளாக எடுத்துக்கொள்கிறேன்.

என் தங்கை மகன் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் பணி செய்கிறான். அவன் தன் குடும்பத்தோடு ஒரு பாறை வளைவைக் காண இரவில் சென்று, ஆங்கே மின்மினிப் புழுக்கள் விண்மீன்களைப் போல ஒளிர்ந்ததைப் பற்றி எழுதியிருந்தான். நான் அதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் ஒரு சிறுமி, “மாமா, நம் மலைமேலும் கல் தோரணம் இருக்கிறதே, இரவில் போனால் அங்கேயும் மின்மினியைப் பார்க்கலாமா?” என்றாள். கேள்வி சிறிது. விடை சொல்லப் புகுந்தபோதுதான் அது எத்தனை பக்கம் கிளைக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது.

முதலில் அயல்நாட்டு வளைவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியில் ஸ்பிரிங்புரூக் தேசியப் பூங்கா என்னும் மழைக்காடு உள்ளது. அதனுள் ‘இயற்கைப் பாலம்’ என்று பெயர் பெற்ற இடம் ஒன்று உண்டு. பண்டை எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கரும்பாறையின்மேல் ஓர் ஓடை ஓடிவந்து அருவியாக வீழ்ந்தது. அருவியின் அடியில் இளகிய பகுதி அரிக்கப்பட்டுக் குகையாயிற்று. மேலே, சுழன்றோடிய நீரும் கற்களும் பாறையில் குழி தோண்டின. குழி ஆழ்ந்து ஆழ்ந்து ஒருநாள் குகையின் கூரையைத் துளைத்தது. இன்று ஓடைநீர் அத்துளை வழியே நேரே குகைக்குள் விழுகிறது. துளைக்கு முன்புறம் எஞ்சிய பாறை பாலமாக நிற்கிறது.

அந்தக் குகையின் கூரையிலும் சுவரிலும் வாழ்வனவே அப்புழுக்கள். அவை உண்மையில் கொசுவைப் போன்ற ஒரு சிறு ஈயினத்தின் புழுக்கள். ஒவ்வொன்றும் தன் வாழிடத்திலிருந்து பட்டு நூல் போன்ற இழைகளைத் தொங்கவிட்டு, அவற்றில் பசையுள்ள துளிகளைக் கோத்து வைக்கிறது. பின்பு தன் வாலின் முனையில் நீலப்பச்சை விளக்கை ஏற்றுகிறது. குகையில் பறக்கும் சிறு பூச்சிகள் ஒளியை நாடி வந்து இழையில் ஒட்டிக்கொள்கின்றன. புழு இழையைச் சுருட்டி இழுத்து உண்கிறது. அழகிய தோற்றத்தின் உள்ளே இருப்பது ஒரு தூண்டில்! இப்புழு பல மாதங்கள் இவ்வாறு வாழ்ந்து, பின் சிறகு பெற்ற ஈயாகிறது. அந்த ஈ சில நாட்களே உயிரோடிருக்கும், உணவு கொள்வதில்லை.

அங்குச் செல்வோர் கைவிளக்கைப் புழுக்களின்மேல் பாய்ச்சக் கூடாது, தொடக் கூடாது, புகை பிடிக்கக் கூடாது. ஒளி பட்டால் புழு தன் விளக்கை அவித்துவிடும். அவித்த விளக்கை மீண்டும் ஏற்ற நேரமாகும். அதுவரை அதற்கு இரையில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர் ஒருவர் ஒரு நொடி செய்யும் செயலால் அதற்கு ஒருவேளை உணவு போய்விடுகிறது. இதனை என் மருமகன் எழுதியிருந்த விதம் எனக்குப் பிடித்திருந்தது: “நாங்கள் நாற்பது பேர் இருட்டில் நின்றோம், மாமா, ஒருவரும் பேசவில்லை, குழந்தைகள் உட்பட.” நாற்பது தமிழர் பேசாமல் நிற்பார்களா என்று நான் ஐயுற்றேன், அவர்களுள் தமிழ்க் குடும்பம் அவனுடையது ஒன்றுதானாம்.

நிற்க. இனி நம் தோரணத்திற்கு வருவோம்.

திருமலையில் கோயிலுக்கு வடக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில், சக்கர தீர்த்தத்தின் அருகே, சிலாதோரணம் நிற்கிறது. அகலம் 8 மீட்டர், உயரம் 3 மீட்டர். நம் பழைய கணக்கில் 26 அடியும் 10 அடியும். நம்மில் பலர் ஆண்டுக்குப் பலமுறை மலையேறுகிறோம். தரிசனம் முடிந்ததும் லட்டுவை வாங்கிக்கொண்டு பேருந்தைப் பிடிப்பதே வழக்கமாகிவிட்டது. தோரணம் வரை சென்றவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்டால் எத்தனை கை எழும் என்பது எனக்குத் தெரியும், ஆதலால் கேட்கவில்லை.

பெருமாள் முதலடியை ஸ்ரீவாரி பாதம் என்னும் இடத்திலும், இரண்டாம் அடியைத் தோரணத்திலும், மூன்றாம் அடியை இன்று நிற்கும் இடத்திலும் வைத்தார் என்று பக்தர்கள் சொல்வர். மூலவரின் உயரமும் தோரணத்தின் உயரமும் ஒன்றே என்று கூறுவாரும் உளர். நிலவியல் அறிஞர் சொல்வது வேறொரு கதை. அதுவும் வியப்பிற் குறைந்ததன்று. தோரணத்தின் கல் குவார்ட்சைட் என்னும் கெட்டிக் கல். அது முன்னொரு காலத்தில் கடலடி மணலாக இருந்தது. கடப்பையைச் சூழ்ந்த பெரும் பள்ளத்தில் கடல் நின்ற காலத்தில் படிந்த மணல், மேல்மேலும் அழுந்தி, இறுகிக் கல்லாயிற்று. அது நிகழ்ந்து 100 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. வளைவு அதற்கு மிகப் பின்னால் வந்தது. மழையும் காற்றும் வெயிலும் கல்லின் நலிந்த அடுக்குகளை அரித்து வீழ்த்த, வலிய அடுக்கு தோரணமாய் எஞ்சியது. இதனை வெட்டிய உளி எதுவுமில்லை. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இதனை நாட்டின் நிலவியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றுள்ளது.

மலைப்பாதையில் பேருந்து வளைந்து ஏறும்போது, பாறைச் சரிவில் அதே துறையார் குறித்து வைத்த மற்றோர் இடமும் உண்டு. கீழே 200 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழங்கருங்கல். அதன் முதுகில் நேரே இந்த மணற்கல். இரண்டுக்கும் இடையே பல கோடி ஆண்டுகளின் பதிவே இல்லை. கணக்கு எழுதுபவன் என்ற முறையில் எனக்கு இது மிக வியப்பாக இருக்கிறது. எங்கள் பேரேட்டில் இரண்டு பக்கம் விடுபட்டால் தணிக்கையாளர் என்ன பாடு படுத்துவார் என்பதை நான் அறிவேன்.

இவ்விடத்தில் ஒரு சொல் இடையிட்டுச் சொல்ல அனுமதிக்க வேண்டும். நம்மைப் புலம்பெயர்ந்த தமிழர் என்று நம் சங்க விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறோம். தொல்காப்பியப் பாயிரமோ தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாக இந்த வேங்கடத்தையே குறிக்கிறது. 1960 ஏப்ரல் 1 அன்று மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. திருப்பதி ஆந்திரத்தில் நின்றது. 2022-இல் சித்தூர் மாவட்டமும் பிரிந்து திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் இவ்வாறு நகர்ந்துகொண்டே இருக்கின்றன. மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் அடியில் தமிழும் தெலுங்கும் பேசுவோர் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம். மின்மினியைத் தெலுங்கில் ‘மிணுகுரு’ என்று சொல்வதை எனக்குக் கற்பித்தவர், என் பக்கத்து மேசையில் பணிபுரியும் தெலுங்கு நண்பரே. மினுக்குதல் என்னும் நம் சொல்லோடு அது எவ்வளவு ஒத்திருக்கிறது பாருங்கள்.

சிறுமியின் கேள்விக்கு வருகிறேன். ஆஸ்திரேலியப் புழு நம் தோரணத்தில் உண்டா? இல்லை. அந்த இனம் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மட்டுமே வாழ்வது. அதற்கு ஈரம் சொட்டும் குகையும், காற்று வீசாத இருளும் வேண்டும். நம் தோரணம் வெயில் காயும் திறந்த பாறை. மேலும், பொழுது சாய்ந்தபின் அங்கே தங்க நம்மை விடமாட்டார்கள், விடவும் கூடாது. சேஷாசலக் காடு சிறுத்தையின் வீடு. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் பெற்றோரோடு ஏறிச் சென்ற ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றதை நாம் மறக்கவில்லை. அதன்பின் பிற்பகலில் சிறு பிள்ளைகளை அப்பாதையில் விடுவதில்லை என்று கட்டுப்பாடு வந்தது. ஆகவே இரவில் தோரணம் என்னும் ஆசையைப் பிள்ளைகள் விட்டுவிட வேண்டும்.

ஆனால் மின்மினியை விட வேண்டியதில்லை.

நம் நாட்டு மின்மினி ஈ அன்று, வண்டினத்தைச் சேர்ந்தது. உலகில் 2,000-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. சிலவற்றில் ஆணும் பெண்ணும் பறக்கும். சிலவற்றில் பெண்ணுக்குச் சிறகே இல்லை. புழுவைப் போலத் தரையில் ஊர்ந்து ஒளிவிடும். அத்தகைய பெரிய வகையொன்று தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. அதன் இளம்புழு நத்தையைத் தின்று வளர்வது. தோட்டப் பயிரை அழிக்கும் ஆப்பிரிக்கப் பெருநத்தையையும் அது விட்டுவைப்பதில்லை. நம் பெண்கள் வளர்க்கும் கீரைப் பாத்திக்கு இவ்வளவு நல்ல காவற்காரன் கூலியின்றிக் கிடைத்திருக்கிறான்.

இதன் ஒளி எங்கிருந்து வருகிறது? வயிற்றின் கடைசிக் கணுக்களில் உள்ள ஒரு பொருள், காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி, ஒரு நொதியின் உதவியால் ஒளியாகிறது. சூடு மிகமிகக் குறைவு. அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் தொட்டுக் கை சுட்டுக்கொண்ட நம் தலைமுறைக்கு இதன் பெருமை விளங்கும். தூக்கணங்குருவி தன் கூட்டில் ஈரமண்ணை அப்பி அதில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றும் என்று என் பாட்டியார் சொல்வார். மண் அப்புவது மெய்யே. விளக்கேற்றுவதைப் பறவை நூலார் ஒப்புவதில்லை. பாட்டியாரோடு வாதாட நான் அன்றும் துணிந்ததில்லை.

ஆஸ்திரேலியப் புழு இரைக்காக ஒளிர்கிறது. நம் வண்டோ மணத்துக்காக ஒளிர்கிறது. இதனைப் புகைவண்டித் தொழிலில் உள்ள நமக்கு எளிதில் விளக்கலாம். இரவில் கார்டு பச்சை விளக்கை அசைத்தால் டிரைவருக்கு ஒரு பொருள். சிவப்பைக் காட்டினால் மற்றொரு பொருள். அவ்வாறே ஒவ்வொரு மின்மினி வகைக்கும் தனிக் குறி உண்டு. ஒன்று நீளமாய் ஒருமுறை ஒளிரும். மற்றொன்று இரண்டிரண்டாய் மின்னும். ஆண் வண்டு பறந்தபடி தன் குறியைக் காட்டும். புல்லில் அமர்ந்த பெண் தன் இனத்தின் குறிதான் என்று கண்டுகொண்டால், குறித்த இடைவெளி விட்டு ஒருமுறை மின்னி விடை தரும். ஆண் இறங்கி வரும். அமெரிக்காவில் ஒருவகைப் பெண் வண்டு, அயல் இனத்தின் விடைக்குறியைக் கள்ளத்தனமாய்க் காட்டி, நம்பி வந்த ஆணைப் பிடித்துத் தின்றுவிடுகிறது. பொய்க் கைகாட்டியால் விளையும் விபத்தை நாம் அறிவோம். காட்டிலும் அது உண்டு.

மின்மினி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை, சில வகைகளில் ஓராண்டுக்கும் மேலாக, மண்ணிலும் சருகிலும் புழுவாகக் கழிக்கிறது. சிறகு முளைத்தபின் அதற்குக் கிடைப்பவை சில வாரங்களே. பல வகைகள் அப்போது உண்பதே இல்லை. அச்சில வாரங்களுக்குள், இருட்டில், ஒளியால் ஒளியைக் கண்டு துணை சேர்ந்து முட்டையிட வேண்டும். அவ்வேளையில் நாம் அருகே பெருவிளக்கை நட்டால் என்ன ஆகும்? பகலில் ஏற்றிய கைவிளக்கை டிரைவர் எவ்வாறு காண்பார்? ஆண் மின்னுகிறது, பெண்ணுக்குத் தெரியவில்லை. பெண் விடை தருகிறது, ஆண் காணவில்லை. ஒன்றும் அடிபட்டுச் சாகவில்லை. நாளடைவில் இனம் மட்டும் இல்லாமற் போகிறது. 2020-இல் பல நாட்டு அறிஞர்கள் கூடி மின்மினிக்கு நேரும் கேடுகளை ஆராய்ந்து, வாழிடம் அழிதல், செயற்கை ஒளி, பூச்சிமருந்து என்னும் இவற்றையே முதன்மையானவையாகக் குறித்தார்கள்.

மின்மினி இன்னும் மிகுந்திருக்கும் இடங்கள் தமிழகத்திலேயே உள்ளன. ஆனைமலைப் புலிகள் காப்பகத்து உலாந்தி வனச்சரகத்தில் மரம் முழுவதும் ஒரே தாளத்தில் மின்னி அணையும் கூட்டத்தை 2022-இல் வனத்துறையாரும் ஆய்வாளரும் ஆராய்ந்தனர். மராட்டியத்தில் பண்டார்தரைப் பக்கம் மழைக்கு முந்திய வாரங்களில் மின்மினி காணவே மக்கள் திரளாகச் செல்கின்றனர். அங்கே கார்களின் முகவிளக்கே பெருந்தொல்லையாகிவிட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. காண வந்தவர்களே காணப்படுவதைக் கெடுக்கிறார்கள்.

நமக்கோ அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. நம் குடியிருப்பின் மேற்குச் சுற்றுச்சுவரை அடுத்து, பழைய வாய்க்காலின் கரையில், நொச்சியும் காட்டாமணக்கும் புல்லும் மண்டிய ஒரு துண்டு நிலம் இருப்பதை அறிவீர்கள். மழை பெய்து புல் தளிர்க்கும் நாட்களில், மாலை ஏழரை மணிக்கு மேல் அங்கே மின்மினி வருகிறது. ஆயிரக்கணக்கில் அன்று, எண்ணிவிடலாம். சென்ற ஆண்டு ஒரு மாலையில் நானும் பிள்ளைகளும் முப்பத்தொன்று எண்ணினோம். அதற்கு முந்திய ஆண்டு அதே இடத்தில் ஐம்பதுக்கு மேல் இருந்தன. தெருவின் தென்முனையில் இடையில் ஒரு வெள்ளை விளக்கு வந்தது. அதன் வெளிச்சம் விழும் பக்கத்துப் புதரில் இப்போது ஒன்றும் இல்லை. இது என் கண் கண்ட கணக்கு. ஆராய்ச்சி என்று சொல்லமாட்டேன்.

இப்பொழுது நம் குழுவின் முன் ஒரு தீர்மானம் வரவிருக்கிறது. அந்த வாய்க்கால் கரையில் உயர்கோபுர மின்விளக்கு ஒன்று நட வேண்டும் என்பது அது. அதற்கு நன்கொடையாளரும் கிடைத்துவிட்டார். தீர்மானம் கொண்டுவந்தவர்கள் என் நண்பர்கள். அவர்கள் சொல்லும் காரணங்களும் மெய்யானவை. இரவுப் பணி முடிந்து திரும்பும் பெண்கள் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். ஈராண்டுக்கு முன் ஒருவரைக் கட்டுவிரியன் தீண்டியதும், நல்லூழால் அவர் பிழைத்ததும் நம் நினைவில் உள்ளன. “உங்களுக்குப் பூச்சி பெரிதா, என் மகள் பெரிதா?” என்று ஒரு தாய் என்னைக் கேட்டார். அவருடைய மகள்தான் பெரிது. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் நடப்பவருக்கு ஒளி வேண்டிய இடம் பாதை, புதர் அன்று. பாம்பு கிடப்பது காலடியில். அறுபதடி உயரத்திலிருந்து வயலெல்லாம் பரவும் ஒளியைவிட, இடுப்பளவு உயரத்தில் பாதையின்மேல் மட்டும் விழும் ஒளியே அதைத் தெளிவாகக் காட்டும். ஆதலால் நான் ஒரு திருத்தம் கொண்டுவர விரும்புகிறேன். உயர்கோபுரத்திற்குப் பதிலாகப் பாதை நெடுகப் பத்துத் தாழ்ந்த விளக்குகள் நடுவோம். மேலும் பக்கமும் தகட்டால் மூடி, ஒளி கீழே மட்டும் விழுமாறு அமைப்போம். பாதையின் இருபுறமும் மும்மூன்று அடி புல்லைச் செதுக்கி வைப்போம். வாய்க்காலை ஒட்டிய புதரையும் சருகையும் தொடாமல் விடுவோம். அங்கே மருந்து தெளிக்க வேண்டாம். மின்பிரிவில் பணிபுரியும் நம் உறுப்பினர் ஒருவரிடம் கணக்குப் பார்க்கச் சொன்னேன். கோபுரத்திற்கு ஆகும் செலவில் இது அடங்கும் என்றார். நன்கொடையாளரின் பெயரை ஒரு கம்பத்துக்குப் பதில் பத்துக் கம்பத்திலும் எழுதலாம், அவருக்கும் குறைவில்லை.

“தோரணத்தைப் பார், அது கோடி ஆண்டாக நிற்கிறது, நாம் விளக்கு வைத்தாலும் நிற்கும்” என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். கல்லைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியே. அதைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள், பலகை வைத்திருக்கிறார்கள், காவலும் உண்டு. வாய்க்கால் கரையில் முப்பத்தொரு வண்டுக்கு அவ்வாறு ஒரு பலகை வைக்க எந்தத் துறையும் வராது. அது நம் குழுவின் ஒரு மாலைக் கூட்டத்தில் கையைத் தூக்குவதா வேண்டாமா என்பதைப் பொறுத்தது.

பிள்ளைகளுக்கு நான் சொல்லியிருக்கும் ஏற்பாட்டைப் பெற்றோர்களுக்கும் தெரிவித்துவிடுகிறேன். அடுத்த மழைப் பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையேறித் தோரணத்தைக் காண்போம். வழியில் அந்தப் பாறைச் சரிவையும் காட்டுவேன். பிற்பகலிலேயே இறங்கிவிடுவோம். மாலை ஏழு மணிக்கு மேற்குச் சுவரருகே கூடுவோம். கைவிளக்கும் கைபேசியும் வீட்டிலேயே இருக்கட்டும்; காலில் மூடிய செருப்பு இருக்கட்டும். கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரம் வேண்டும். அதுவரை பேசாமல் நிற்கப் பிள்ளைகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர்களிடம் இன்னும் ஒப்புதல் வாங்கவில்லை.

தீர்மானம் வரும் வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு வாசகசாலையில் எடுத்துக்கொள்ளப்படும். வாக்குரிமை உள்ள உறுப்பினர் அனைவரும் வர வேண்டுகிறேன். என் திருத்தத்தை எதிர்ப்பவர்களும் வர வேண்டுகிறேன்.